கோடு போட்டு அடித்த கட்டங்கள்

சிட்னி
4 மார்ச் 1952

மதிப்பிற்குரிய திரு. ஈவன் கில்லீஸ் அவர்களுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் உள்ளே வந்ததற்கு நன்றி. இரண்டே முக்கால் ஆண்டு கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல, ஒரு தப்பை ஒப்புக்கொள்ள.

1949 மே மாதம் என் மேசைக்கு வந்து ஒரு மூலக்கூறை வரைந்து காட்டினீர்கள். பென்டலீன். எட்டுக் கார்பன், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகள் மாதிரி இரண்டு ஐந்துமூலை வளையங்கள். உலகத்தில் ஒருவரும் செய்து பார்த்ததில்லை. "செஞ்சா நிக்குமா, நெட்டா? அத மட்டும் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். நான்கு நாள் கணக்கு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிவிட்டு, நிற்காது என்றேன். இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் பூஜ்ய மட்டத்தில் அலைகின்றன, கை வைக்காதீர்கள் என்றேன். நீங்களும் கை வைக்கவில்லை.

அந்தக் கணக்கு தப்பு.

எங்கள் கணக்கு அறையின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மூலக்கூறில் ஒன்று விட்டு ஒன்றாகக் கார்பன்களுக்கு நட்சத்திரக் குறி போடுவோம். இரண்டு நட்சத்திரம் எங்கேயும் பக்கத்தில் பக்கத்தில் வரவில்லை என்றால் தாளின் ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாம் பூஜ்யம்தான். பூஜ்யத்துக்காக யார் கைப்பிடி சுற்றுவது? வருகிற மூலக்கூறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அந்த ரகம். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அடுத்த வாரத்துத் தாள்களுக்குக் கோடு போடும்போதே அந்தக் கட்டங்களை அடித்து வைத்துவிடுவோம். பாதி வேலை மிச்சம்.

ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் விட்டு ஒருவருக்குத் தொப்பி வைக்க முடியாது. எங்கேயாவது இரண்டு தொப்பி இடிக்கும். உங்கள் மூலக்கூறில் இடித்தது. நான் பார்க்கவில்லை. அடித்து வைத்த தாளை எடுத்தேன், சுற்றினேன். அடித்த கட்டங்களில் இரண்டு எண்கள் இருந்திருக்க வேண்டும்: கழித்தல் நான்கு, கூட்டல் எட்டு. அவ்வளவுதான். அந்த இரண்டையும் சேர்த்தால் பூஜ்யத்தில் யாருமே இல்லை. எட்டு எலக்ட்ரான்களும் ஜோடி ஜோடியாகக் கீழே நான்கு மட்டங்களில் அடங்கிவிடுகின்றன. நிலைப்பு ஆற்றல், நான் சொன்ன 2.129 அல்ல, 2.456. பென்சீனுக்கே இரண்டுதான்.

அறையை மாற்றுகிறோம், பழைய தாள்களை எரிக்கச் சொன்னார்கள். எரிக்கும் முன் புரட்டியதில் அகப்பட்டது. பேராசிரியர் ஹாலோஸிடம் சொன்னேன். "மூணு வருஷத்துக்கு முந்தின கணக்கும்மா. யாரு இப்ப கேட்டா?" என்றார். யாரும் கேட்கவில்லைதான். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நெட்டா பாஸ்கோ


டனீடன்
19 மார்ச் 1952

மிஸ் பாஸ்கோ அவர்களுக்கு,

நீ 'அவர்களுக்கு' போட்டாய் என்று நானும் போட்டேன். இந்த வரிக்கு மேல் என்னால் தாங்காது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை எழுந்துபோய்க் குழாயைத் திறந்து தலையை நனைத்துக்கொண்டேன். மார்ச் மாதத்து டனீடன் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கும், உனக்குத் தெரியாது. கழித்தல் நான்கும் கூட்டல் எட்டும்! நெட்டா, அந்த இரண்டு எண்ணுக்காக நான் வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இது நிற்காது, விட்டுவிடுகிறேன்" என்று அறிவித்தேன். ஒன்றரை வருடம் சேர்த்து வைத்த மூலப்பொருளை அடுத்த மேசைக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தேன். கடல் தாண்டி இங்கே வந்து விழுந்தேன்.

இங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலையில் முதலாண்டு மாணவர் கும்பலுக்கு அமிலத்தில் சொட்டுச் சொட்டாகக் காரம் விடச் சொல்லிக்கொடுக்கிறேன். மாலையில் கம்பளி ஆலைக்கு ஆட்டுமயிர்க் கொழுப்பைச் சோதித்துக் கொடுக்கிறேன். வீட்டுக்கார அம்மா மிஸஸ் மெக்காஸ்கில் வாரம் ஏழு நாளும் ஆட்டுக்கறி போடுகிறாள். "உங்க மேலயே ஆட்டு வாட வருதே டாக்டர்" என்று அவளே மூக்கைப் பிடிக்கிறாள்.

தெற்கே சவுத்லாண்டில் ஓர் இறைச்சி ஆலை. அங்கிருக்கும் வேதியியல்காரர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். வாழ்நாள் வேலை, வீடும் உண்டு. நவம்பர் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே துறைத்தலைவர், "கிறிஸ்துமசுக்குள்ள மேசையக் காலி பண்ணிருங்க கில்லீஸ், ஏதாவது புதுசா கைல வச்சிருந்தா மட்டும் பேசலாம்" என்கிறார். எனக்கு முப்பத்தெட்டு. ஆட்டிடமிருந்து ஆட்டுக்குப் போவதுதான் மிச்சம் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். அப்போதா இதை எழுத வேண்டும்?

சரி, இன்னொன்றையும் முடித்துவிடுகிறேன். உன் துறையில் கல்யாண மோதிரம் போட்ட பெண்ணுக்கு மாதக் கடைசியில் கேக் வெட்டி வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்துதான், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று நான் உன்னைக் கேட்டேன். "இந்த வருஷம் முடியட்டும் ஈவன்" என்றாய். அப்புறம் அந்த எண் வந்தது, எனக்கு இரண்டும் ஒன்றாகப் போனது மாதிரி ஆயிற்று. மாடிப்படியில் நின்று, "அந்தக் கைப்பிடியவே கட்டிக்கிட்டு அழு" என்று கத்தினேன். ஊரே கேட்டது. அதை நான் இன்னும் திரும்ப வாங்கவில்லை.

ஒன்பது பிணைப்புக்கும் பிணைப்புத் தரம் என்ன என்று போட்டு அனுப்பு. எது இரட்டை, எது ஒற்றை, எது நடுவில் என்று தெரிந்தால் கடைசி ஹைட்ரஜன்களை எந்தப் பக்கமிருந்து உருவுவது என்று பார்க்கலாம். ஆசையால் கேட்கவில்லை, பழக்கத்தால் கேட்கிறேன்.

ஈவன்


சிட்னி
9 ஏப்ரல் 1952

ஈவன்,

எண்கள் கீழே. கோடே போடாத வெள்ளைத் தாளில் போட்டேன். நான் போட்டதைப் பாராமல் பக்கத்து மேசைப் பெரில் தனியாகப் போட்டாள். இருவருக்கும் மூன்றாம் தசம இலக்கம் வரை ஒன்றுதான்.

நடுச்சுவர் 0.531. அதிலிருந்து கிளம்பும் நான்கும் 0.524. வெளிப்பக்கத்து நான்கும் 0.650. முழு இரட்டை என்றால் ஒன்று, வெறும் ஒற்றை என்றால் பூஜ்யம் என்பது உங்களுக்குத் தெரியும். பென்சீனில் ஆறும் 0.667. அதற்கு இது அதிகத் தூரமில்லை. இரட்டை, ஒற்றை என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் பகிர்ந்துகொண்டிருக்கிறது.

இதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. அதனால்தான் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2.456 என்ற எண், நான்கு இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாகக் கிடந்தால் எப்படி இருக்குமோ அதோடு ஒப்பிட்டு வருவது. தனியாகக் கிடப்பதோடு ஒப்பிட்டால் எதுவும் நிலையாகத்தான் தெரியும். ஆகவே எண்ணைச் சொல்கிறேன். நிற்குமா என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன். சூடுபட்ட பூனை.

உங்கள் வேலைகளைப் பற்றி எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே எதுவும் மாறவில்லை. போன மாதம் ஒருத்திக்குக் கேக் வெட்டினோம். என் வலது தோள் போய்விட்டது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. டாக்டர், "டென்னிஸ் ஆடுவீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கத் தெம்பில்லை.

படியில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

நெட்டா


டனீடன்
26 செப்டம்பர் 1952

நெட்டா,

ஐந்து மாதம் எழுதவில்லை. அந்த மூலக்கூறைத்தான் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத என்ன இருந்தது? கறுப்புத் தார், கறுப்புத் தார், பிறகு கொஞ்சம் பழுப்பான தார். கும்பலுக்குப் பாடம் சொன்ன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஆய்வகத்தில் நச்சுப்புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால்தான் நின்றேன். "இப்படி நின்னா கால்ல வேர் விட்டுரும்" என்று மிஸஸ் மெக்காஸ்கில் ஒரு கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்திருக்கிறாள். அதிலும் ஆட்டு வாடை.

ஆகஸ்டு கடைசியில் குடுவையை உலர்பனியில் புதைத்துவிட்டு, உன் எண்படி வெளிப்பக்கத்திலிருந்து ஹைட்ரஜனை உருவினேன். மஞ்சளாக இருந்தது பழுப்புக்கு மாறியது. ஐந்து நிமிடம் அப்படியே நின்றது, நெட்டா. தெளிந்த பழுப்பு. தேநீரை வெயிலில் தூக்கிப் பார்த்தால் வருமே, அந்த நிறம். அதுதானா என்று சத்தியம் பண்ண மாட்டேன். வெளியே எடுத்தேன், கண்ணெதிரே கலங்கி அடியில் படிந்துவிட்டது. அப்புறம் நான்கு தடவை செய்துவிட்டேன். நான்கு தடவையும் பழுப்பு வருகிறது, நான்கு தடவையும் போய்விடுகிறது.

என் கைதான் சரியில்லை என்று நினைக்கிறேன். ஈரம் ஏறுகிறதோ, காற்று புகுகிறதோ. இன்னொரு வருடம் இருந்தால் பிடித்துவிடலாம். துறைத்தலைவரும் அந்த நிறத்தைப் பார்த்தார். "பாதிச் சம்பளத்துல ஒரு வருஷம் இருங்க, அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க" என்கிறார். இறைச்சி ஆலையோ ஒரு வருடம் காத்திருக்காது. அங்கே வேண்டாம் என்று எழுதினால் எழுதியதுதான். ஒரு வருடம் கழித்து நாற்பதை நெருங்குகிறவனை எவன் கூப்பிடப் போகிறான்?

ஆகவே கேட்கிறேன். 1949-இல் கேட்ட அதே கேள்விதான். நிற்குமா? 'சொல்ல மாட்டேன்' என்பதெல்லாம் வேண்டாம். எனக்கு அலுத்துவிட்டது. யாராவது ஒருவர் ஒன்றைச் சொன்னால் பரவாயில்லை என்றிருக்கிறது.

பிணைப்புகளின் நீளமும் வேண்டும், படிகம் கிடைத்தால் ஒப்பிட.

ஈவன்


சிட்னி
8 அக்டோபர் 1952

ஈவன்,

நீளத்துக்குச் சுற்றுக் கணக்கு போட வேண்டும். ஒரு சுற்றுக்கு மூன்று நாள் ஆகும், அதுவும் சாப்பாட்டு இடைவேளையிலும் சனிக்கிழமையிலும்தான் போட முடியும். முடித்துவிட்டு உங்கள் கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். அதுவரை இறைச்சி ஆலைக்கு எதுவும் எழுதாதீர்கள். நான் எழுதும் வரை.

நெட்டா


சிட்னி
17 நவம்பர் 1952

ஈவன்,

உட்கார்ந்து படி. நீங்கள், வாருங்கள் எல்லாம் இந்தக் கடிதத்துக்கு ஒத்துவராது.

சுற்றுக் கணக்கு என்றால் என்னவென்று முதலில் சொல்கிறேன். பிணைப்புத் தரம் தெரிந்தால் நீளம் தெரியும். நீளம் மாறினால் நாம் முதலில் எடுத்துக்கொண்ட எண்களும் மாற வேண்டும். மாற்றிக்கொண்டு மறுபடி போடுவோம், புதுத் தரம் வரும், அதை வைத்து மறுபடி. நான்கைந்து சுற்றில் எண்கள் அசையாமல் நின்றுவிடும். நான் முதல் தடவை போட்டபோது அழகாக நின்றது. வெளிப்பக்கத்து நான்கும் சமம், உள்பக்கத்து நான்கும் சமம். அக்டோபர் இருபதிலேயே, "நிற்கும் ஈவன், இன்னொரு வருடம் போடு" என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்க்கலாமென்று இரண்டாம் தடவை போட்டேன். அன்றைக்குத் தோள் வலி. நான்கு 0.650-ஐ வரிசையாக எழுதும்போது ஒன்றை மட்டும் 0.560 என்று எழுதிவிட்டேன். எண்ணைத் திருப்பிப் போடுவது எங்கள் அறையில் தினமும் நடக்கிற தப்பு. இரண்டாம் சுற்று முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. "விடுங்கக்கா, சின்னத் தப்பச் சுத்தே தின்னுரும்" என்றாள் பெரில். நாங்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது. சின்னப் பிசகு சுற்றுக்குச் சுற்று தேய்ந்து, கடைசியில் சரியான விடைக்கே வந்து சேரும். அப்படித்தான் எப்போதும் நடந்திருக்கிறது.

இது தேயவில்லை, ஈவன். வளர்ந்தது. நான் தவறாகக் குறைத்த பிணைப்பு இன்னும் குறைந்தது. அதன் பக்கத்துப் பிணைப்பு ஏறியது. அதற்கடுத்தது இறங்கியது. ஆறாம் சுற்றில் அசையாமல் நின்றபோது பகிர்வு என்பதே இல்லை. நான்கு இரட்டை, ஐந்து ஒற்றை, சண்டை போட்டுப் பாகம் பிரித்த மாதிரி. தப்பே இல்லாத எண்களோடு, வேண்டுமென்றே ஒரு துளி மட்டும் கோணலாக வைத்து மறுபடி போட்டேன். அதே முடிவு. பெரிலும் போட்டாள். அதே முடிவு.

முதல் தடவை ஏன் அழகாக நின்றது என்று இப்போது புரிகிறது. எல்லாம் சமம் என்று வைத்துத் தொடங்கினேன், ஆகவே எத்தனை சுற்று போனாலும் சமமாகவே திரும்பி வந்தது. சமம்தானா என்று நான் அந்த மூலக்கூறைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏப்ரலிலேயே சொல்லியிருக்கும். 2.456-இல் பெரும்பகுதி கரைந்துவிட்டது. உன் கையில் ஈரமும் ஏறவில்லை, காற்றும் புகவில்லை. பக்கத்தில் இன்னொரு மூலக்கூறு வந்தால் போதும், அந்த இரட்டைப் பிணைப்புகள் அதோடு ஒட்டிக்கொள்ளும். இன்னும் ஒரு வருடம் போட்டாலும் ஐந்து நிமிடப் பழுப்புதான்.

இது தெரிந்தது இந்த மாதம் ஏழாம் தேதி. பத்து நாள் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்பாய். முதலில் ஹாலோஸிடம் காட்டினேன். "எழுத்துப் பிழைல ஆரம்பிச்ச கணக்கும்மா இது. இத நான் வெளிய காட்டுனா சிரிப்பாங்க" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். அதன் பிறகு எனக்கே பயம் வந்தது. முதலில் வேண்டாம் என்றேன், பிறகு எண்ணைக் காட்டி ஆசை மூட்டினேன், இப்போது மறுபடி வேண்டாம் என்கிறேன். எந்த மனிதன் இதை நம்புவான்? தப்பான எண்ணைச் சொன்னபோது ஒரு நொடியும் தயங்கவில்லை நான். சரியான எண்ணைச் சொல்லத்தான் பத்து நாள் தயங்கினேன். வெட்கமாக இருக்கிறது.

நிற்காது. ஆலைக்குச் சம்மதம் எழுது. என்னைத் திட்டுவதென்றால் அப்புறம் திட்டு.

நெட்டா


டனீடன்
27 நவம்பர் 1952

நெட்டா,

திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை, மூன்று நாளாக ரயிலிலும் கால்நடையாகவும் அலைந்துவிட்டு வந்திருக்கிறேன். நடந்ததைக் கேள்.

நவம்பர் இருபது வரை உன் கடிதத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அவள் எழுதாததே ஒரு பதில்தான், வேண்டாம் என்றிருந்தால் உடனே எழுதியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இறைச்சி ஆலைக்கு, 'உங்கள் வேலை வேண்டாம்' என்ற கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டு ஆய்வகத்துக்கு வந்தேன். பத்து மணித் தபாலில் உன் கடிதம் மேசைமேல் கிடந்தது.

நின்றுகொண்டே படித்தேன். நீ உட்காரச் சொன்னதைப் பிறகுதான் கவனித்தேன். தபால் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே முகப்பில் இருந்த அம்மாளிடம், "காலைல போட்ட என் கடிதத்த மட்டும் எடுத்துக் குடுத்துருங்க" என்று கெஞ்சினேன். "பெட்டிக்குள்ள விழுந்தா அது ராணியம்மா சொத்து" என்றாள். "என் கையெழுத்தும்மா அது, பாருங்க." "கையெழுத்து உங்களது, தபால்தலை அவங்களது." மூஞ்சியில் அடித்த மாதிரி சன்னலைச் சாத்திவிட்டாள்.

மத்தியானம் தெற்கே போகும் ரயிலில் ஏறினேன். கடைசிப் பெட்டியில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் கடிதமும் அதில்தான். நூற்று நாற்பது மைல் நானும் என் மறுப்பும் ஒரே ரயிலில் போனோம். அவன் எனக்குப் பின்னாலேயே வருகிறான் என்ற நினைப்பில் நின்ற ஊரிலெல்லாம் தலையை நீட்டிப் பார்த்தேன், அந்தக் கடைசிப் பெட்டி கழன்றுவிடாதா என்று.

மறுநாள் காலை ஏழரைக்கு ஆலை வாசலில் நின்றேன். மேலாளர் பீட்ரி முழங்கால் வரை ரப்பர் காலணியோடு வந்தார். "இன்னைக்கு என்கிட்டருந்து ஒரு கடிதம் வரும், அத மட்டும் பிரிக்காதீங்க" என்றேன். "ஏன், காதல் கடிதமா?" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே தபால்காரன் வந்துவிட்டான். அந்த மனுஷன் என்னைப் பார்த்துக்கொண்டே பிரித்தார், என் கண் முன்னாலேயே முழுக்கப் படித்தார்.

"'ஓர் அம்மையாரின் கணக்கு உறுதியாகச் சொல்வதால்' வரலன்னு எழுதிருக்கீங்க. சரி. இப்ப என்ன சொல்லுது அந்தக் கணக்கு?"

"நிக்காதுங்குது."

"யாரு போட்டது?"

"அதே அம்மாதான். தப்புன்னு அவங்களே எழுதிட்டாங்க."

கொஞ்ச நேரம் காலணியைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "வேல உங்களுதுதான். ஆனா நான் கேக்கறது வேற. எடைக்கூடத்துல ஒரு கணக்கு மெஷின் தூசி படிஞ்சு கெடக்கு. முன்ன அங்க இருந்த ஆளு தன் தப்ப மறச்சு மறச்சே ஆறு மாசம் ஓட்டிட்டான், லண்டனுக்குப் போன கப்பல்ல எடையே சரியில்ல. தன் தப்பத் தானே எழுதிப் போடற ஆளு எனக்கு எங்க கெடைக்கும்? அந்தம்மா வருவாங்களா?"

"கல்யாணம் ஆனவங்களா இருந்தா?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகக் கேட்டது.

"ஆட்ட எட போடறதுக்கும் மோதிரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார்.

நெட்டா, நான் உனக்கு எதையும் பூசிச் சொல்லவில்லை. அது ஆட்டு எடை. கார்பனும் இல்லை, எலக்ட்ரானும் இல்லை. வீடு ஆலைக்குப் பின்புறம், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நாறும். இதைவிட மோசமாக எவனும் ஒரு பெண்ணைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்க மாட்டான்.

இன்னொன்று. நேற்று வந்ததும் குடுவையின் அடியில் படிந்ததைச் சுத்தம் செய்து மூலக்கூறு எடை பார்த்தேன். தார் இல்லை. சரியாக இரண்டு மடங்கு. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, உன் ஆறாம் சுற்று சொன்ன மாதிரியே. என் குடுவை ஆகஸ்டிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை. ஹாலோஸ் சிரிப்பார் என்றால் சிரிக்கட்டும். உன் கணக்கையும் என் குடுவையையும் சேர்த்து எழுதுவோம். முதல் பெயர் உன்னுடையது. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாலும் கட்டுரை கட்டுரைதான்.

தனியாகக் கிடப்பதோடு ஒப்பிட்டால் எதுவும் நிலையாகத் தெரியும் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒப்பிட வேறு எதுவும் இல்லை. மூன்றரை வருடம் அப்படித்தான் கிடந்திருக்கிறேன்.

படியில் கத்தியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஈவன்


சிட்னி
9 டிசம்பர் 1952

ஈவன்,

ஐந்து நாள் யோசித்தேன். பத்து நாள் எடுத்துக்கொள்ளவில்லை, அதைக் கவனி.

ஹாலோஸிடம் விலகல் கடிதம் கொடுத்தேன். "கல்யாணமா?" என்றார். "ஆட்டு எடை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, இருந்தாலும் கேக்குக்குச் சொல்லிவிட்டார். கோணல் கணக்கின் தாள்களைக் கேட்டேன். "அந்த எழுத்துப் பிழையா? எடுத்துட்டுப் போங்க" என்றார். ஆறு சுற்றும் என் பெட்டிக்குள் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை எல்லாரும் அடுத்த வாரத்துத் தாளுக்குக் கோடு போட்டோம். நானும் போட்டேன், அடிக்கவில்லை. "என்னக்கா, ஒத்தப்படை எல்லாம் அப்படியே கெடக்கு?" என்றாள் பெரில். "வர்றவங்க மொதல்ல மூலக்கூறப் பாக்கட்டும், அப்புறம் அடிச்சுக்கட்டும்" என்றேன். "இதுக்கு ரெண்டு மடங்கு நாள் ஆகுமே" என்று அலுத்துக்கொண்டாள். அலுக்கத்தான் செய்யும். எனக்கும் பதிமூன்று வருடமாக அலுப்புதான். நீ கேட்டது அலுப்பில் கேட்டதா, ஆசையில் கேட்டதா என்று முதலில் யோசித்தேன். பிறகு, நானும் இரண்டாலும்தானே பதில் எழுதுகிறேன் என்று விட்டுவிட்டேன்.

கடல் விமானத்தில் ஜனவரி பதினான்குக்கு இடம் எடுத்திருக்கிறேன். இறங்கி ரயில் பிடித்து வருவேன், ரயிலடிக்கு வந்துவிடு. மிஸஸ் மெக்காஸ்கில் பின்னிய காலுறையைப் போட்டுக்கொண்டு வராதே.

படியில் சொன்னதை முழுக்கத் திரும்ப வாங்க வேண்டாம். கைப்பிடியும் எனக்கு வேண்டும்.

பீட்ரியிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுது. எடைக்கூடத்து இயந்திரத்துக்குக் கைப்பிடி எந்தப் பக்கம்? என் வலது தோள் உனக்குத் தெரியும். இடப்பக்கம் இருந்தால் நல்லது.

இல்லாவிட்டாலும் வருகிறேன்.

நெட்டா